மருந்துச் சீட்டு எழுதப் பழகுதல்

மருத்துவம் படிக்கும் மாணவருக்குக் கடைசியாகக் கைவரும் திறன்களில் ஒன்று மருந்துச் சீட்டு எழுதுவது. எம்.பி.பி.எஸ். படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே மருந்தியல் பாடம் முடிந்துவிடுகிறது. எந்த மருந்து எந்த உறுப்பில் என்ன செய்யும், எத்தனை மணி நேரம் உடலில் தங்கும், என்ன பக்கவிளைவு தரும் என்று நூற்றுக்கணக்கான மருந்துகளைப் பற்றி மாணவர் தேர்வுக்காகப் படித்து எழுதிவிடுகிறார். அதன்பின் அறுவை மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் என்று இரண்டரை ஆண்டுகள் ஓடுகின்றன. எல்லாத் தேர்வும் முடிந்து சி.ஆர்.ஆர்.ஐ. என்னும் ஓராண்டுப் பயிற்சிக்கு வந்து நிற்கும்போது, படித்த மருந்தில் பாதி மறந்திருக்கும். எதிரே நோயாளி உட்கார்ந்திருப்பார். கையில் பேனா இருக்கும்.

ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் இடையே க.விலக்கில் இருக்கும் அரசு தேனி மருத்துவக் கல்லூரியிலும் இதே வரிசைதான். ஆண்டுக்கு 100 பேர் சேரும் கல்லூரி அது. படிப்பு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. வரும் நோயாளிகள் மட்டும் அந்த ஊர்க்காரர்கள். போடி மெட்டு, கம்பம் மெட்டு வழியாக விடியற்காலை ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், திராட்சைப் பந்தலுக்கும் வாழைக்கும் மருந்து அடிப்பவர்கள், வரப்பில் பாம்பு கடித்தவர்கள், சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் முதியவர்கள். இவர்களுக்கு எழுதும் சீட்டில் வரும் தவறு பெரும்பாலும் மருந்தின் பெயர் தெரியாததால் வருவதில்லை. இந்த ஆளுக்கு, இந்த எடையில், இந்தச் சிறுநீரகத்தோடு, ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகளோடு இது சேருமா என்று நிறுத்தி யோசிக்கும் பழக்கம் இல்லாததால் வருகிறது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கத்தான் உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகள் கணினித் திரையை நாடத் தொடங்கியிருக்கின்றன.

இந்தியக் கல்லூரிகளில் மருந்தியல் செய்முறை வகுப்பு என்றால் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இரண்டு வேலைகள்தான். ஒன்று, ஆய்வக மேசையில் மிக்சர் கலக்குவது, களிம்பு அரைப்பது. மற்றது, தவளையின் இதயத்தையோ கினிப்பன்றியின் குடல் துண்டையோ கருவியில் மாட்டி, மருந்து விட்டால் அது எப்படிச் சுருங்குகிறது என்பதைப் புகையேற்றிய தாள் சுற்றிய உருளையில் கோடாகப் பதிவது. தொழிற்சாலையில் செய்த மாத்திரைகள் ஊரெங்கும் நிறைந்த பின்னும் மிக்சர் கலக்கும் வகுப்பு பல ஆண்டுகள் தொடர்ந்தது. விலங்குகளைப் பயன்படுத்துவதற்கு எதிர்ப்பும் கட்டுப்பாடும் வலுத்தபோது, மாற்று வழி புதுச்சேரி ஜிப்மரிலிருந்து வந்தது. அங்கே மருந்தியல் பேராசிரியராக இருந்த ஆர். ரவீந்திரன் ‘எக்ஸ்ஃபார்ம்’ என்ற கணினி மென்பொருளை உருவாக்கினார். முயலின் கண், தவளையின் இதயம், நாயின் ரத்த அழுத்தம் என்று பழைய சோதனைகள் எல்லாம் அதில் திரையில் நடந்தன. மாணவர் மருந்தைத் தேர்ந்தெடுத்துச் செலுத்தினால் கோடு ஏறும், இறங்கும். பல கல்லூரிகளில் விலங்குச் சோதனையின் இடத்தை இந்த மென்பொருள் பிடித்துக்கொண்டது. ரத்த அழுத்தத்தின் மீது மருந்துகளின் விளைவைக் கணினி வழியே கற்க வேண்டும் என்று இன்றைய தேசியப் பாடத்திட்டமே சொல்கிறது.

இந்திய மருத்துவக் கல்வியில் டிஜிட்டல் கருவி நுழைந்த கதவு இதுதான். ஆனால் மருந்து என்ன செய்கிறது என்பதைக் காட்டுவது ஒரு வேலை, எந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கப் பழக்குவது வேறு வேலை. எக்ஸ்ஃபார்ம் முதல் வேலைக்காகச் செய்யப்பட்டது. அதை ஒழுங்காகச் செய்தது. இரண்டாவது வேலைக்கு வேர் நெதர்லாந்தில் இருக்கிறது.

அங்குள்ள குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் டி. பி. ஜி. எம். டி விரீஸும் அவருடன் பணியாற்றியவர்களும், சீட்டு எழுதுவதை ஆறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். நோயாளியின் பிரச்சினை என்ன என்று தீர்மானிப்பது முதல் படி. சிகிச்சையால் எதை அடைய வேண்டும் என்பது இரண்டாவது. அந்த நோய்க்கு ஏற்கனவே ஆராய்ந்து தேர்ந்து வைத்திருக்கும் மருந்து எதிரில் இருக்கும் இந்த ஆளுக்குப் பொருந்துமா என்று பார்ப்பது மூன்றாவது. அதன்பின்தான் சீட்டு எழுதுவது. ஐந்தாவது படி, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது. ஆறாவது, விளைவைக் கண்காணித்து, தேவையானால் நிறுத்துவது. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் இதைக் கையேடாக வெளியிட்டது. மறு ஆண்டு ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, புது டெல்லி, காத்மாண்டு, லாகோஸ், யோக்யகர்த்தா, சான்பிரான்சிஸ்கோ உள்ளிட்ட ஏழு ஊர்களின் 219 மாணவர்களிடம் இந்த முறையைச் சோதித்தது. குறுகிய பயிற்சி பெற்றவர்கள், பயிற்சியில் வந்த நோய்களில் மட்டுமல்லாமல், வராத நோய்களிலும் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் சீட்டு எழுதினார்கள். அதாவது அவர்கள் கற்றுக்கொண்டது மருந்துப் பட்டியலை அல்ல, யோசிக்கும் வரிசையை.

இந்தியாவில் 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த திறன் சார்ந்த பாடத்திட்டம் இந்த வழியை எடுத்துக்கொண்டது. தெளிவான, பகுத்தறிந்த சீட்டை மருந்தின் பொதுப்பெயரில் எழுதுவது, ஒரு சீட்டில் உள்ள குறைகளைத் தணிக்கை செய்வது, நோய்க்கேற்பத் தனக்கான மருந்துப் பட்டியலைத் தயாரிப்பது, மருந்துக் கம்பெனிகளின் விளம்பரத் தாளை எடைபோடுவது, கம்பெனிப் பிரதிநிதியோடு எப்படி நடந்துகொள்வது என்பதெல்லாம் அதில் தனித்தனித் திறன்களாக எழுதப்பட்டிருக்கின்றன. தாளில் நல்ல பட்டியல். ஒரு வகுப்பில் நூறு மாணவர்கள், துறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்கள் என்ற நிலையில், ஒவ்வொருவர் எழுதும் சீட்டையும் திருத்தித் தருவது யார் என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைப்பது கடினம். டிஜிட்டல் கருவியின் உண்மையான பயன் இந்த இடத்தில் இருக்கிறது.

இவ்வகைக் கருவிகளில் முக்கியமானது மெய்நிகர் நோயாளி. திரையில் ஒருவர் வருகிறார்: 65 வயதுப் பெண், பல ஆண்டுகள் ஏலத்தோட்ட வேலை, இரண்டு முழங்காலிலும் வலி. பிரஷருக்கு எனலாப்ரில் மாத்திரையும், சிறுநீர் பெருக்கியான ஹைட்ரோகுளோரோதயசைடும் சாப்பிடுகிறார். மாணவர் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், எந்தப் பரிசோதனையும் எழுதலாம், எந்த மருந்தும் கொடுக்கலாம். பலர் யோசிக்காமல் டைக்ளோஃபெனாக் எழுதுவார்கள். வலிக்கு வலி மாத்திரை, அவ்வளவுதான். திரை மறுக்காது. சீட்டை வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் தள்ளி அதே நோயாளியைக் கால் வீக்கத்தோடு கூட்டிவரும். சிறுநீர் குறைந்திருக்கும், ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கும்.

ஏன் என்று மாணவர் பின்னோக்கிப் போக வேண்டும். சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் வரும் சிறு குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபெனாக் அதன் உற்பத்தியைத் தடுப்பதால் உள்வழி சுருங்குகிறது. எனலாப்ரில் வெளிவழியை விரிக்கிறது. சிறுநீர் பெருக்கி உடலில் ஓடும் நீரின் அளவையே குறைத்துவிட்டிருக்கிறது. அணையில் நீர் குறைந்திருக்கும்போது தலைமதகைப் பாதி இறக்கிவிட்டு, கடைசி ஷட்டரை முழுக்கத் தூக்கினால் வாய்க்காலில் மட்டம் நிற்காது. வடிகட்டியின் அழுத்தம் விழுவதும் அப்படித்தான். மூன்று மருந்துகளில் எதுவும் தனியாகத் தவறானது அல்ல. மூன்றும் சேர்ந்ததுதான் தவறு. பாராசிட்டமால், வலியுள்ள இடத்தில் தடவும் களிம்பு, தொடைத் தசைக்குப் பயிற்சி என்று தொடங்கியிருந்தால் நோயாளி இரண்டாம் முறை வேறு முகத்தோடு வந்திருப்பார்.

நல்ல மென்பொருள் இங்கே இன்னொரு கேள்வியையும் ஒளித்து வைக்கும்: மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை ஏதும் உண்டா என்று மாணவர் கேட்டாரா? தேனிப் பக்கத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் உடம்பு வலிக்குக் கடையில் ‘ஒரு செட்’ மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் இருக்கிறது. அந்தச் செட்டில் வலி மாத்திரை இருப்பது ஏறத்தாழ உறுதி. கேட்காத மாணவருக்கு அது தெரியாமலே போகும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக நிற்கும் எச்சரிக்கை, தானே எழுதிய சீட்டால் ஒருவருக்குக் கால் வீங்கியதைப் பார்த்தபின் மறப்பதில்லை. உண்மையான நோயாளி யாரும் பாதிக்கப்படாமல் இந்த அனுபவத்தைத் தர வேறு வழி இல்லை.

மருந்தளவுக் கணக்கு, திரை மிக எளிதாகக் கற்றுத்தரும் பகுதி. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் பாராசிட்டமால். ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி. சீட்டில் எந்தச் சிரப் என்று எழுதாமல் ‘5 மில்லி’ என்று மட்டும் எழுதினால், கடையில் எடுத்துக் கொடுக்கும் பாட்டிலைப் பொறுத்துக் குழந்தைக்குத் தேவையைவிடக் குறைவாகவோ மிக அதிகமாகவோ போகும். புள்ளியும் அப்படித்தான்: 5.0 என்று எழுதினால் 50 என்று படிக்க வாய்ப்புண்டு; .5 என்று எழுதினால் 5 ஆகிவிடலாம். மூட்டு வாதத்துக்கு வாரம் ஒருமுறை தரும் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டு உயிர் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. இதையெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, கைப்பேசி போதும்.

ஆனால் கணக்குப் பழகியவரும் தடுமாறும் இடங்கள் உண்டு, அவை வெளிநாட்டு மென்பொருளில் எளிதில் கிடைக்காது. பாம்புக்கடிக்குத் தரும் விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. ஏனென்றால் முறிக்க வேண்டியது உள்ளே போன விஷத்தை, ஆளின் எடையை அல்ல. எல்லா மருந்தையும் கிலோவால் பெருக்கப் பழகிய மாணவர் இங்கே குறைத்து எழுதிவிடுவார். அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் உள்ள, மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் வகை கடித்தால் அது வேலை செய்வதில்லை. பூச்சிமருந்து குடித்தவருக்குத் தரும் அட்ரோபின் இன்னொரு உதாரணம். இதயத் துடிப்பு குறைந்தவருக்கு மொத்தம் மூன்று மில்லிகிராமுக்குள் முடியும் மருந்து, இங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக ஏற்றப்பட்டு, நுரையீரலில் நீர்ச்சத்தம் அடங்கும் வரை போகும். மொத்த அளவைப் பார்த்தால் அச்சுப்பிழை போலத் தோன்றும். லண்டனிலோ பாஸ்டனிலோ எழுதப்பட்ட மெய்நிகர் நோயாளிகளில் இந்த இரண்டும் அபூர்வம், க.விலக்கில் அன்றாடம் எதிர்பார்க்க வேண்டியவை. மென்பொருளை இறக்குமதி செய்யலாம், நோயாளியை அந்தந்த ஊரில்தான் எழுத வேண்டும்.

இந்தியச் சீட்டுகளின் நிலையை அறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. 2019 ஆகஸ்டுக்கும் 2020 ஆகஸ்டுக்கும் இடையே நாட்டின் 13 பெரிய மருத்துவமனைகளில் 4,838 சீட்டுகள் ஆராயப்பட்டன. அவற்றில் 2,171 சீட்டுகள், அதாவது ஏறத்தாழ 45 சதவீதம், சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து ஏதோ ஒரு விதத்தில் விலகியிருந்தன. 475 சீட்டுகளில் இருந்த விலகல் ஏற்கத்தக்கதே அல்ல என்று நிபுணர்கள் முடிவு செய்தார்கள். அடிக்கடி வந்த குற்றவாளிகள் அபூர்வ மருந்துகள் அல்ல: பான்டோபிரசோல், ராபிபிரசோல்–டாம்பெரிடோன் கூட்டு, வீக்கத்துக்கென்று தரப்படும் டிரிப்சின்–கைமோடிரிப்சின் மாத்திரை. முதல் இரண்டும் மக்கள் ‘கேஸ் மாத்திரை’ என்று அழைப்பவை. எந்தச் சீட்டாக இருந்தாலும் பழக்கத்தில் கடைசி வரியாக ஏறிக்கொள்பவை. படித்ததில் இல்லாத இந்தப் பழக்கம் வார்டில் மூத்தவர்களைப் பார்த்துத் தொற்றுவது. அதைத் திரையால் எவ்வளவு மாற்ற முடியும் என்பது ஐயத்துக்குரியது.

இந்த ஆய்வுக்குப் பின்னால் இருந்த, ஆராய்ச்சிக் கழகத்தின் மருந்துப் பயன்பாட்டு மையங்களின் கூட்டமைப்பு, மருத்துவப் பட்டதாரிகளுக்கென்று சீட்டு எழுதும் திறன் பற்றிய இணையவழிப் பாடம் ஒன்றையும் தயாரித்தது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அது நடத்தப்படுகிறது. பயிற்சி மருத்துவர்கள் இதைப் படிக்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையமும் கல்லூரிகளுக்குத் தெரிவித்தது. தேனியிலிருந்து சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை என்பது இதன் முதல் நன்மை. ஆனால் காணொளியைப் பார்த்துச் சான்றிதழ் வாங்குவதும் சீட்டு எழுதுவதும் ஒன்றல்ல. பார்க்கவைக்கும் கருவி பாடம் நடத்துகிறது. எழுதவைத்து, எழுதியதன் விளைவைக் காட்டும் கருவிதான் பழக்குகிறது. இந்த வேறுபாட்டை மறந்து வாங்கப்படும் மென்பொருள் கணினி அறையில் தூசு படியும்.

பிரிட்டன் இந்தச் சிக்கலைத் தேர்வின் வழியே தீர்க்கப் பார்த்தது. அங்கே வடமேற்கு இங்கிலாந்தின் 19 மருத்துவமனைகளில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், 1,24,260 மருந்துக் குறிப்புகளில் 8.9 சதவீதத்தில் பிழை இருந்தது. புதிதாக வந்தவர்கள் மட்டும் தவறு செய்யவில்லை. எல்லா நிலை மருத்துவர்களிடமும் பிழை இருந்தது, பெரும்பாலானவற்றை மருந்தாளுநர்கள் பிடித்துத் திருத்தினார்கள். அதன்பின் மருந்தியல் சங்கமும் மருத்துவக் கல்லூரிகளின் மன்றமும் சேர்ந்து கணினியில் எழுதும் தேர்வு ஒன்றைக் கொண்டுவந்தன. இரண்டு மணி நேரம், 60 கேள்விகள், 200 மதிப்பெண். சீட்டு எழுதுதல், பிறர் சீட்டில் பிழை கண்டுபிடித்தல், அளவுக் கணக்கு, நோயாளிக்குச் சொல்ல வேண்டிய தகவல் என்று எட்டுப் பகுதிகள். மருந்துக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்பது அதன் சிறப்பு. வேலையில் யாரும் மனப்பாடத்திலிருந்து எழுத வேண்டியதில்லை அல்லவா. தேர்வில் வருவதைத்தான் மாணவர் படிப்பார் என்பது தேனியிலும் லண்டனிலும் ஒன்றுதான். இந்தியாவில் சீட்டு எழுதும் பயிற்சிக்குச் செய்முறைத் தேர்வில் சில மதிப்பெண்கள் உண்டு, பெரும் பங்கு இன்னும் கட்டுரை விடைகளுக்கே போகிறது.

கருவிகளின் குறைகளும் கவனிக்க வேண்டியவை. மருத்துவமனைகள் கையெழுத்திலிருந்து கணினிச் சீட்டுக்கு மாறிவருகின்றன. 2025-இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம், படிக்கத்தக்க மருந்துச் சீட்டைப் பெறுவது அடிப்படை உரிமை என்று கூறி, மருத்துவக் கல்லூரிகளில் கையெழுத்துப் பயிற்சியும் கணினிச் சீட்டு முறையும் வர வேண்டும் என்றது. கணினி கிறுக்கலை ஒழிக்கும். பதிலுக்குப் புதிய தவறுகளைக் கொண்டுவரும். முதல் மூன்றெழுத்தைத் தட்டியதும் வரும் பட்டியலில் அடுத்த வரியைத் தொட்டுவிட்டால் வேறு மருந்து ஏறிவிடும். ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு எச்சரிக்கை எழும்பினால், ஐந்தாவது நாளில் எவரும் படிக்காமல் மூடிவிடுவார்கள். உண்மையான எச்சரிக்கையும் அதோடு போகும். பழகும்போதே எந்த எச்சரிக்கைக்கு நிற்க வேண்டும், எதைக் கடக்கலாம் என்று மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இன்றைய மாணவர் எல்லாவற்றுக்கும் முன் கேட்பது செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைத்தான். மருந்துகளின் வினையை விளக்கிச் சொல்ல அவை உதவும். மெய்நிகர் நோயாளி வேடம் போடவும் அவற்றை வைத்துக்கொள்ளலாம், அதுவும் தேனி வட்டாரப் பேச்சிலேயே. மருந்தளவைக் கேட்டால் மட்டும் தவறான எண்ணையும் சரியான எண்ணைச் சொல்லும் அதே உறுதியோடு சொல்லிவிடும். மருந்தின் தேர்வுக்கும் அளவுக்கும் இந்திய தேசிய மருந்துக் கையேடு, 384 மருந்துகள் கொண்ட 2022-ஆம் ஆண்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல், மருத்துவமனையின் சொந்த வழிகாட்டுதல் ஆகியவற்றைத் திறந்து பார்ப்பதே முறை. நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட கையேடு கைப்பேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. எதை முதலில் தரலாம், எதை அடக்கித் தர வேண்டும், எதைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று மருந்துகளை மூன்று வகையாக அது பிரித்து வைத்திருக்கிறது.

குரோனிங்கன் முறையின் ஐந்தாவது படியான விளக்கிச் சொல்வதில்தான் மென்பொருள்கள் மிகப் பலவீனம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, நோயாளியிடம் பேச வேண்டியது தமிழில். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது, விடியற்காலை நான்கு மணிக்கு ஜீப் ஏறும் பெண் ‘காலை’ மாத்திரையை எப்போது விழுங்குவது என்பதை மாணவர் பேசிப் பார்த்துத்தான் பழக வேண்டும். பல மாணவர்களுக்கு இது வார்டுக்கு வந்தபின் காதில் விழுந்ததை வைத்துக் கற்கும் கலையாகவே இருக்கிறது. சக மாணவரை நோயாளியாக உட்காரவைத்துக் கைப்பேசியில் பதிவு செய்து, பின்னர் சேர்ந்து கேட்டுப் பார்ப்பது இதற்கு எந்த விலையுயர்ந்த மென்பொருளையும்விடப் பயன்படும்.

ஆறாவது படிக்கான கருவி ஏற்கனவே நாடு முழுவதும் இருக்கிறது. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம், மருந்தால் வந்த கேட்டைச் செயலி வழியாகவும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்க வழி செய்திருக்கிறது. ஒரு பக்கவிளைவைக் கண்டறிந்து படிவம் நிரப்புவது பாடத்திட்டத்தில் மாணவருக்குரிய திறன்களில் ஒன்று. நோயாளிகள் தாங்களே நிரப்பி அனுப்புவதற்கான படிவம் தமிழிலும் உண்டு.